பூந்தொட்டியில் கிடைத்த புழுப்பாம்பை வீட்டில் வளர்க்கலாமா?

தொட்டிச்செடி | சனிக்கிழமை, காலை 10.40

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சிங்கப்பூரின் யீஷூனில் நான்காம் மாடியில் குடியிருக்கிறோம். வாசலை ஒட்டிய பொதுத் தாழ்வாரத்தில் ஏழெட்டுத் தொட்டிகளில் கறிவேப்பிலை, துளசி, கற்பூரவள்ளி, மல்லிகை வைத்திருக்கிறோம். இன்று காலை கறிவேப்பிலைச் செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றுவதற்காக வேர்மண்ணோடு கவிழ்த்தபோது, மண்ணுக்குள்ளிருந்து மெல்லிய கரிய உயிரொன்று நெளிந்து வெளியே வந்தது. மண்புழு என்று எண்ணித் திரும்பவும் மண்ணுக்குள் தள்ளப் போனேன். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகன்தான், "அப்பா, இது நாக்கை நீட்டுகிறது" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினான். உற்றுப் பார்த்தேன், அவன் சொன்னது உண்மைதான். ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளம், எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு, தலை எது வால் எது என்று சட்டென்று சொல்லிவிட முடியாத உடல்.

இப்போது அதே மண்ணோடு ஒரு நெகிழிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். மண்ணுக்குள் வாழும் சிறிய பாம்புகளைக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கும் வெளிநாட்டவர்களின் காணொளிகளை மகன் நிறையப் பார்த்திருக்கிறான். இதைத் தானே வளர்க்க வேண்டும் என்று காலையிலிருந்து பெட்டியை விட்டு நகரவில்லை. எங்களோடு இருக்கும் என் அம்மாவோ, அது காதுக்குள் புகுந்துவிடும், உடனே உப்பைக் கொட்டிக் கொன்றுவிடு என்கிறார். இது என்ன பாம்பு, விஷமுள்ளதா, என்ன சாப்பிடும், வளர்க்கலாமா என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்வாசி | சனிக்கிழமை, காலை 11.25

முதலில் அம்மாவிடமிருந்து உப்பை வாங்கி அடுப்படியில் வைத்துவிடுங்கள். உங்கள் வருணனையை வைத்துப் பார்த்தால் அது புழுப்பாம்பு, அதாவது குருட்டுப் பாம்பு. அறிவியல் பெயர் இண்டோடிப்லாப்ஸ் பிராமினஸ். உறுதிப்படுத்திக்கொள்ள மூன்றைப் பாருங்கள். மண்புழுவின் உடலில் வளையங்கள் இருக்கும், இதன் உடலில் மிக நுண்ணிய வழுவழுப்பான செதில்கள் இருக்கும். தலைப்பக்கத்தில் செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகள் தெரிந்தால் அவையே கண்கள். வெளிச்சத்தையும் இருட்டையும் பிரித்தறிவதற்கு மேல் அவற்றால் பெரிதாக ஒன்றும் காண இயலாது. மொண்ணையான வால் நுனியில் சிறு முள் ஒன்று இருக்கும். கையில் எடுத்தால் அந்த முள்ளை ஊன்றித்தான் நழுவப் பார்க்கும். கொட்டிவிட்டது என்று பலர் பதறுவது அதனால்தான். அதில் விஷம் இல்லை, பாம்புக்கும் விஷம் இல்லை. அதன் வாய் நம் தோலைக் கவ்வக்கூட இயலாத அளவுக்குச் சிறியது.

இதைப் பூந்தொட்டிப் பாம்பு என்றும் உலகெங்கும் சொல்கிறார்கள். தென்னாசியாவே இதன் பூர்வீகம் என்று கருதப்படுகிறது. செடிகளின் வேர்மண்ணோடு கப்பலேறி, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பசிபிக் தீவுகள் என்று வெப்பநாடுகள் எங்கும் பரவிவிட்டது. இவ்வளவு தூரம் பரவியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த இனத்தில் ஆண்பாம்பே கிடையாது. எல்லாம் பெண்கள், இணை சேராமலேயே முட்டையிட்டுத் தம்மைப் போன்ற பெண்குஞ்சுகளையே பொரிக்கின்றன. பெரும்பாலான விலங்குகளுக்கு நிறமூர்த்தத் (குரோமோசோம்) தொகுதி இரண்டு இருக்கும், இதற்கு மூன்று. ஒரேயொரு பாம்பு ஒரு தொட்டியில் வந்து இறங்கினாலே புதிய குடும்பம் ஒன்று தொடங்கிவிடும்.

அடுத்து, உங்கள் முதன்மையான கேள்வி. சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் செல்லப்பிராணியாக வளர்க்கக் கூடாது. சிறியது, விஷமற்றது, வீட்டுத் தொட்டியிலேயே கிடைத்தது என்பவை எல்லாம் இதில் விலக்கு ஆகமாட்டா. ஊர்வனவற்றில் சிவப்புக்காது ஆமை போன்ற மிகச் சிலவற்றுக்கே இங்கு இடமுண்டு. வனவிலங்குச் சட்டத்தின்கீழ் அனுமதியின்றி வனவிலங்கைப் பிடித்து வைத்திருந்தால் 10,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 2019 ஏப்ரல் முதல் இவற்றைத் தேசியப் பூங்காக் கழகம் கவனித்து வருகிறது. நீங்கள் செடி மாற்றும்போது தற்செயலாகக் கண்டீர்கள், அதில் தவறொன்றுமில்லை. பெட்டியில் வைத்துப் பேணத் தொடங்குவதுதான் தவறாகிவிடும்.

தேக்கா வாசகி | சனிக்கிழமை, நண்பகல் 12.10

தம்பி, உங்கள் அம்மா சொல்வதை அச்சமென்று மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். நான் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். இதே பாம்பைச் செவிப்பாம்பு என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். மழைக்காலத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்தால், எங்கள் பாட்டி காதில் பஞ்சு வைத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். மண் நனைந்து வளைகளில் நீர் நிறைந்ததும் இந்தப் பாம்புகள் மேலே வந்து, ஈரமான சுவரோரங்களிலும் குளியலறை நீர்வழிகளிலும் ஊர்வதைக் கண்டுதான் அந்த எண்ணம் பிறந்திருக்க வேண்டும். அது தேடுவது எறும்புப் புற்றின் இடுக்கையே, மனிதக் காதை அன்று என்று இப்போது எனக்குத் தெரியும். அதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். பாம்பைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லாதீர்கள்.

பாலைமணல் | சனிக்கிழமை, பிற்பகல் 2.35

நான் டெக்சஸில் வேலை பார்த்த ஏழு ஆண்டுகளும் கென்ய மண்ணுளிப் பாம்பு ஒன்றை வளர்த்தவன். அங்கே அது சட்டத்துக்கு உட்பட்டது. சிறுவன் காணொளிகளில் பார்த்திருப்பதும் பெரும்பாலும் இந்த இனமாகத்தான் இருக்கும் என்பதால், வளர்ப்பவன் அறிந்த உண்மையை எழுதுகிறேன்.

என்னிடம் இருந்தது பெண், ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். ஆண் இன்னும் குட்டையாக இருக்கும். கண்ணும் மூக்கும் தலையின் மேற்புறம் அமைந்திருப்பதால், உடல் முழுவதும் மணலுக்குள் இருக்க, அவற்றை மட்டும் வெளியே வைத்துக் காத்திருக்கும். உறைநிலையிலிருந்து இளக்கிய சுண்டெலியை இடுக்கியில் பிடித்து அருகே கொண்டுபோனால், மணல் வெடித்தது போல் தலை பக்கவாட்டில் பாய்ந்து கவ்வும். அந்த ஒரு நொடியைக் காண்பதற்காகவே வாரக்கணக்கில் காத்திருப்பேன். மற்ற நாட்களில், வீட்டுக்கு வருபவர்களுக்கு நான் காட்ட முடிந்ததெல்லாம் ஒரு தொட்டி மணல் மட்டுமே. பாம்பைக் காண வேண்டும் என்பதற்காக மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தால் அது உண்ண மறுக்கும். காண விரும்பி வாங்கிவிட்டு, காணாமலிருக்கப் பழக வேண்டியதுதான் இந்த வளர்ப்பின் பெரும் கடினம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது இன்னும் கடினம்.

வெப்பம் தொடர்பாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதில்தான் பாம்பைக் கொல்கிறார்கள். இயற்கையில் மேற்பரப்பு சுடும், ஆழம் செல்லச் செல்லக் குளிரும். ஆகவே சூடு பொறுக்காத பாம்பு கீழ்நோக்கித் தோண்டும். வளர்ப்பவரோ தொட்டிக்கு அடியில் வெப்பத்தகடு வைக்கிறார். சூட்டிலிருந்து தப்பக் கீழே தோண்டும் உயிர் மேலும் சூட்டை நோக்கிப் போய் வயிற்றைப் பொசுக்கிக்கொள்கிறது. நான் ஒரு பக்கத்தில் மட்டும் தகடு வைத்து, வெப்பக்கட்டுப்பாட்டுக் கருவியால் அந்தப் பக்கத்தை 33 பாகை அளவிலும் மறுபக்கத்தை 26 பாகை அளவிலும் வைத்திருந்தேன். கற்களை மணல்மேல் அடுக்குவதும் இதே போன்ற பிழை. பாம்பு அடியில் தோண்டிய உடனே கல் இறங்கி நசுக்கும். முதலில் கல்லைத் தொட்டியின் அடித்தளத்தில் அசையாமல் நிறுத்திவிட்டுத்தான் மணலைக் கொட்ட வேண்டும்.

இவ்வளவையும் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. முதல் ஆண்டிலேயே அதன் வயிற்றில் ஒரு தீக்காயத்தை உண்டாக்கியவன் நான்தான். சிங்கப்பூருக்கு வேலை மாற்றலானபோது, 20 ஆண்டுகூட வாழக்கூடிய அந்தப் பாம்பை அங்கேயே ஒரு நண்பரின் பொறுப்பில் விட்டுவிட்டு வந்தேன். இங்கு கொண்டுவர எந்த வழியும் இல்லை. இந்த ஊரின் ஈரக்காற்றும் அந்தப் பாலைநில உயிருக்கு ஆகாது, செதில் அழுகலும் மூச்சுக்குழல் நோயும் வந்துவிடும்.

தொட்டிச்செடி | சனிக்கிழமை, மாலை 5.50

மண்வாசி அண்ணா, தேக்கா அக்கா, பாலைமணல் அண்ணா மூவருக்கும் நன்றி. சட்டத்தை மகனிடம் சொன்னேன், அழுதான். பிறகு, "அப்படியானால் ஒரு வாரம் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு விடலாமா?" என்று கேட்கிறான். கண்ணாடிப் புட்டியில் எறும்பு பிடித்துப் போட்டால் சாப்பிடாதா என்பது அவனுடைய அடுத்த கேள்வி. எங்கள் புளோக்கில் எறும்புக்குப் பஞ்சமில்லை என்பது உண்மைதான்.

மண்வாசி | சனிக்கிழமை, மாலை 6.30

எறும்பு கிடைக்கும், இதற்கு வேண்டிய உணவு கிடைக்காது. இது பெரும்பாலும் உண்பது எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளையும் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையுமே. அவை புற்றின் நடுவில், வேலைக்காரப் பூச்சிகளின் காவலுக்குள் இருப்பவை. பாம்பு வாசனையைப் பின்தொடர்ந்து புற்றுக்குள் நுழைந்து, மேல்தாடையில் மட்டுமே உள்ள சிறு பற்களால் அவற்றை வாய்க்குள் வேகவேகமாக வாரி விழுங்கும். வழுவழுப்பான செதில்கள் எறும்புக்கடியைத் தாங்கிக்கொள்ளும். சுவரில் ஊரும் பத்து எறும்புகளைப் பிடித்துப் புட்டியில் போட்டால் அது விருந்து ஆகாது. தப்ப இடமில்லாத ஒரு சிறையில் அந்த எறும்புகள் பாம்பைக் கடிப்பதுதான் நடக்கும்.

கறையானை உண்ணும் விதம் இன்னும் வியப்பானது. ஜப்பானிய ஆய்வாளர் இருவர் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தப் பாம்பு கறையானைப் பின்பக்கமாகக் கவ்வி, உடலை விழுங்கிக்கொண்டே தலையைத் தரையில் தேய்த்துத் துண்டித்துவிடுகிறது. பாம்புகள் இரையை முழுதாகவே விழுங்குபவை என்ற பொதுவிதிக்கு இது மாறானது. 2013இல் வெளிவந்த இன்னொரு குறிப்பில், திமோர் தீவில் ஒரு தேரையால் விழுங்கப்பட்ட இந்தப் பாம்பு, தேரையின் குடல் வழியாகக் கடந்து மறுமுனையில் உயிரோடு வெளிவந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். இதையெல்லாம் மகனுக்குச் சொல்லுங்கள், அழுகை நிற்கும்.

ஒரு வாரம் என்பது நமக்குத்தான் சிறிது. மெல்லிய உடலில் சேமிப்பு குறைவு. பெட்டி மண் மேலே உலர்ந்து ஓடு போல இறுகினால் அந்த உடல் வற்றிப்போகும். அதிகமாக நீர் தெளித்தால் மூச்சு முட்டி மேலே வந்து மூடியோரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். இதை மாதக்கணக்கில் உயிரோடு வைத்திருக்க வேண்டுமானால் எறும்புப் புற்று ஒன்றையே அருகில் வளர்த்துத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். உங்கள் கறிவேப்பிலைத் தொட்டி அதைத்தான் செலவில்லாமல் செய்துவந்திருக்கிறது.

நடைபயணி | சனிக்கிழமை, இரவு 8.15

பேச்சு ஒரு பாம்பைப் பற்றியே போய்க்கொண்டிருப்பதால் இடையில் எச்சரிக்கையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வார இறுதிகளில் புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதிகளில் நடப்பவன். சிங்கப்பூரில் மண்ணிலும் இலைச்சருகிலும் மறைந்து வாழும் பாம்பு புழுப்பாம்பு ஒன்று மட்டும் அன்று. வெயில் பட்டால் வானவில்லாக மின்னும் கதிரொளிப் பாம்பு, அச்சுறுத்தினால் தட்டையான வாலைத் தூக்கி அடிப்புறச் சிவப்பைக் காட்டும் குழாய்ப்பாம்பு ஆகிய இரண்டாலும் ஆபத்து இல்லை. ஆனால் நீலப் பவளப்பாம்பும் பட்டைப் பவளப்பாம்பும் இங்கேயே இருக்கின்றன. நீலப் பவளப்பாம்பின் தலையும் வாலும் பளிச்சென்ற சிவப்பு, முதுகு கருநீலம், பக்கவாட்டில் வெளிர்நீலக் கோடு. அதன் விஷச்சுரப்பிகள் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை பின்னோக்கி நீண்டிருக்கும். குழாய்ப்பாம்பைப் போலவே இந்தப் பவளப்பாம்புகளும் வாலைத் தூக்கிக் காட்டும்.

வீட்டுத் தொட்டியில் புழுப்பாம்பைக் கையில் ஏந்திப் பழகிய சிறுவன், பள்ளி உலாவில் சருகுக்கடியில் ஒல்லியான ஒன்றைக் கண்டதும் அதேபோல் கையை நீட்டுவான் என்பதே என் கவலை. "சின்னப் பாம்பு, ஆகவே சாதுவான பாம்பு" என்ற எண்ணம் அவன் மனத்தில் ஒருபோதும் பதியக் கூடாது. எந்தப் பாம்பானாலும் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

செம்பவாங் பெரியவர் | சனிக்கிழமை, இரவு 9.40

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. பாலைமணல் மண்ணுளிப் பாம்பைப் பற்றி எழுதியதைப் படித்ததும் நினைவுக்கு வந்ததை எழுதுகிறேன். சிறுவயதில் ஊரில் பாம்பாட்டிகள் இருதலை மணியன் என்று ஒன்றைக் கூடையிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். வால் தலை போலவே மழுங்கியிருக்கும். போதாதென்று வாலைச் சூடுபோட்டும் கீறியும் கண்ணும் வாயும் போலத் தழும்பாக்கி வைப்பார்கள். அந்தப் பாம்புதான் செம்மண்ணுளி. பணம் கொழிக்கும், தீராத நோய் தீரும் என்று பொய் சொல்லி இன்றும் இந்தியாவில் அதைப் பிடித்து இலட்சக்கணக்கில் விலைபேசுகிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுத்தும் கடத்தல் ஓயவில்லை. யாரையும் கடிக்கக்கூட முனையாத பிராணி அது. வயலில் எலி பிடித்து உழவனுக்கு உதவிய உயிரை, எடை போட்டு விற்கும் சரக்காக்கிவிட்டார்கள். அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் தொட்டியில் கிடைத்த சின்னதற்கும் அந்தப் பெயரோடு உறவுண்டு. விசாகப்பட்டினத்தில் வாழ்ந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796இல் வெளியிட்ட நூலில், தெலுங்கு மக்கள் இதை இரண்டு தலைப் பாம்பு என்று அழைத்ததைக் குறித்திருக்கிறார். 1803இல் தோதேன் என்ற பிரெஞ்சு அறிஞர் இதற்கு எரிக்ஸ் பிராமினஸ் என்று பெயரிட்டார். எரிக்ஸ் என்பதுதான் இன்றும் மண்ணுளிகளின் பேரினப் பெயர். பிற்பாடு, இரண்டும் நெருங்கிய உறவல்ல என்று பிரித்துவிட்டார்கள்.

தொட்டிச்செடி | ஞாயிற்றுக்கிழமை, காலை 8.05

இரவெல்லாம் வீட்டில் இதே பேச்சுதான். பெரியவர் ஐயா எழுதிய வாலில் சூடுபோடும் செய்தியைப் படித்த பிறகு, மகனே பெட்டியை என்னிடம் நீட்டிவிட்டான். கிராஞ்சிப் பக்கம் கொண்டுபோய் நல்ல காட்டு மண்ணாகப் பார்த்து விட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். சரிதானே?

மண்வாசி | ஞாயிற்றுக்கிழமை, காலை 8.20

வேண்டாம், தம்பி. அனுமதியில்லாமல் வனவிலங்கை ஓரிடத்தில் கொண்டுபோய் விடுவதும் அதே சட்டத்தில் குற்றம்தான். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஆண் துணையே வேண்டாத இனம் இது. தொட்டியிலிருந்து எடுத்துக் காட்டில் விட்டால், அங்கு ஏற்கெனவே வாழும் வேறு குருட்டுப் பாம்புகளின் இரையில் பங்குக்குப் போகும். எங்கே கண்டீர்களோ அங்கேயே, அதே தொட்டியில், அதே மண்ணில் விடுங்கள். பழைய வேர்மண்ணை எறிந்துவிட்டுப் பையில் வாங்கிய புது மண்ணை மட்டும் நிரப்பினால் அதற்குள் எறும்பும் இருக்காது, ஈரப்பதமும் பழகியதாக இருக்காது. புதிதாகக் கலந்த உரத்தை ஓரத்தில் மட்டும் போடுங்கள், பூச்சிமருந்து தெளிக்கவே தெளிக்காதீர்கள். தொட்டியில் இருப்பதே அம்மாவுக்குப் பொறுக்கவில்லை என்றால், தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600ஐ அழைத்துக் கேளுங்கள். நீங்களாக எங்கும் எடுத்துச் செல்ல வேண்டாம்.

பாலைமணல் | ஞாயிற்றுக்கிழமை, காலை 9.00

மண்ணுக்குள் வாழ்வதை வளர்க்கும் ஆசை மகனுக்கு உண்மையிலேயே இருந்தால், அதை அணைத்துவிடாதீர்கள். சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்தில் ஊர்வனவற்றைக் காட்டும் ரெப்டோபியாவுக்கும், லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். ஒரு குறிப்பேடும் அளவுகோலும் கைவிளக்கும் வாங்கிக் கொடுங்கள். ஏழு ஆண்டுகள் கண்ணாடிக்கு இப்பால் உட்கார்ந்து நான் எழுதிய குறிப்புகள், வெப்பத்தகடும் மணலும் எலியும் பற்றியவை. அந்தப் பாம்பு தன் சொந்த மண்ணில் எப்படி வாழ்ந்திருக்கும் என்று ஒரு வரிகூட எழுத எனக்கு வாய்க்கவில்லை. உங்கள் மகனுக்கு அது வாசலிலேயே இருக்கிறது.

தொட்டிச்செடி | இரண்டு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை, இரவு 10.15

தாமதமாக எழுதுவதற்கு மன்னியுங்கள். அன்றே அதைப் பழைய வேர்மண்ணோடு புதுத் தொட்டியில் விட்டோம். மண்ணைத் தொட்டதும் தலையை ஊன்றியது, வாலை ஒருமுறை அழுத்தியது, மறைந்துவிட்டது. மகன் எண்ணிக்கொண்டிருந்தான், ஒன்பது எண்ணுவதற்குள் ஒன்றுமில்லை. அம்மா இரண்டு நாள் கதவைச் சாத்தியே வைத்திருந்தார். மூன்றாம் நாள், "வெயில் ஏறுகிறது, அந்தத் தொட்டிக்கு நீர் விட்டாயா?" என்று அவரே கேட்டார்.

கொசு பெருகாமலிருக்க அடித்தட்டில் தேங்கும் நீரை நாள்தோறும் கொட்டுவது எங்கள் வழக்கம். நேற்றிரவு கனமழை, தாழ்வாரம் வரை சாரல் அடித்தது. இன்று காலை தட்டை நகர்த்தியபோது ஈரத்தில் இரண்டு இருந்தன. ஒன்று நம்முடையது. மற்றது நூல் போன்றது, என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மகன் கையை நீட்டவில்லை, குறிப்பேட்டை எடுக்க ஓடினான். அவன் திரும்பி வருவதற்குள் சின்னது தொட்டியின் அடித்துளை வழியே ஏறிப் போய்விட்டது. இனி கண்டால், தொடாமல் அளப்பதற்கு வழியுண்டா என்று கேட்கச் சொல்கிறான்.

மண்வாசி | வெள்ளிக்கிழமை, இரவு 10.50

உண்டு. அளவுகோலைப் பாம்புக்குப் பக்கத்தில் தரையில் கிடத்தி, நேர்மேலிருந்து படமெடுக்கச் சொல்லுங்கள். நெளிவின்மேல் ஒரு நூலைப் படத்திலேயே வைத்துப் பின்னர் அளந்துகொள்ளலாம். தேதி, நேரம், முந்தைய நாள் மழை பெய்ததா என்பவற்றையும் அவன் எழுதட்டும். விளக்கை நேராக அடிக்காமல் மெல்லிய சிவப்புத் தாள் கட்டிக்கொண்டால் இன்னும் சிறிது நேரம் நின்று பார்க்கலாம்.